குப்பை மூலை

ஆகஸ்ட் கடைசியில் மிஸ்டர் ஹாக்லியின் மக்காச்சோளத்தை மாட்டுத் தீவனத்துக்காகப் பச்சையிலேயே அறுத்து, அரைத்து, லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்குப் பிறகு அந்தக் காட்டில் அடிக்கட்டையும் செம்மண்ணும்தான் மிச்சம். ஊருக்கு அது அறுத்துப் போட்ட காடு. ஓடெல் டிப்ஸுக்கு அப்போதுதான் விளைச்சல் தொடங்கும். மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைச் சத்தத்தால் காட்டிக்கொடுக்கும் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு, காதுக்கு ஹெட்போனை வைத்துக்கொண்டு, தரையைப் பெருக்குகிறவனைப் போல அதை இடமும் வலமுமாக வீசியபடி நடப்பான். அடிமை முறையை வைத்து அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் போரிட்ட காலத்தில் வடக்குப் படை ஒரு குளிர்காலம் முழுக்க அந்த மேட்டில் கூடாரம் அடித்துக் கிடந்தது. அவர்கள் தொலைத்த பொத்தான், தவறவிட்ட ஈயக் குண்டு, பெல்ட்டுக் கொக்கி எல்லாம் இன்னும் அந்த மண்ணுக்குள்தான் இருக்கின்றன.

மரம் அறுக்கும் மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்ததில் ஓடெலுக்கு இடது கையில் இரண்டு விரல் போனது, காதில் பாதி போனது. மனிதர்கள் பேசுவதை இரண்டு தரம் கேட்பான். மெஷின் பேசுவதை ஒரே தரத்தில் பிடித்துவிடுவான். பித்தளை என்றால் கணீரென்று ஒரு சத்தம். ஈயம் அதைவிடச் சற்று மழுங்கல். இரும்பு என்றால் தொண்டை கட்டியவன் கனைப்பதைப் போலக் கரகரக்கும். இரும்பு யாருக்கும் வேண்டாம். ஆணி, வளையம், உடைந்த கலப்பை இதையெல்லாம் யார் தோண்டுவார்கள்? அதற்கென்று மெஷினில் ஒரு திருகு உண்டு. திருப்பிவிட்டால் இரும்பு இருந்தாலும் இல்லாததுபோல் ஆகிவிடும்.

இந்த வேலை செய்கிறவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அதில் கறுப்பன் ஓடெல் ஒருவன்தான். தோண்டிய குழியை மூடிவிட வேண்டும், கிடைத்த குப்பையை நிலத்திலேயே எறியாமல் கையோடு எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று சங்கத்தில் ஒரு ஒழுங்கு. மற்றவர்கள் அதைக் கடைப்பிடித்தார்கள் என்றால் ஓடெல் அதைக் கும்பிட்டான். வெள்ளைக்காரன் ஒரு குழியை மூடாமல் போனால் அது ஒரு மறதி. ஓடெல் மூடாமல் போனால் அது 'இவங்களை உள்ளே விட்டதே தப்பு' என்று ஆகிவிடும். அதனால் அவன் இடுப்பில் ஒரு பை தொங்கும். வேண்டாத இரும்பெல்லாம் அதற்குள் போகும். பை நிறைந்தால் வண்டியில் கொட்டிவிட்டுத் திரும்ப வருவான்.

"ஓடெல், நீ வந்துட்டுப் போன பிறகு என் காடு நான் உழுததைவிடச் சுத்தமா இருக்கு," என்பார் ஹாக்லி. ஓடெலைவிட நாலு வயது இளையவர். இவன் 'மிஸ்டர் ஹாக்லி' என்பான், அவர் 'ஓடெல்' என்பார். அவர்கள் அப்பன் காலத்திலிருந்தே அப்படி.

இந்த வருஷம் அந்தக் காட்டுக்கு விலை பேசியாகிவிட்டது. கம்ப்யூட்டர்களை அடுக்கி வைக்கும் கட்டடம் வரப்போகிறதாம். ஜன்னலே இருக்காது, ஆளும் இருக்க மாட்டார்கள், ராத்திரி பகலாக விளக்கு மட்டும் எரியும். ஓடெலுக்குத் தன் பொத்தான்கள் போகிறதே என்று வருத்தம். அவன் மனைவி வெர்னெலுக்கு அதைவிடப் பெரிய வருத்தம். அவளுடைய ஆட்கள் அந்தக் காட்டுக்குள் எங்கேயோ புதைந்து கிடக்கிறார்கள். ஹாக்லியின் பூட்டனுக்கு அடிமைகளாக இருந்து, விடுதலைக்குப் பிறகும் அங்கேயே குத்தகைக்கு உழுது, அங்கேயே செத்தவர்கள். அவள் அம்மா சாகும்போது சொன்னது ஒன்றுதான்: "ஹாக்லி காட்டுல, தேவதாரு நிக்கிற இடத்துல ஜூடித் கெடக்கா. அவளை விட்டுராத."

ஜூடித் என்பவள் வெர்னெலின் அம்மாவுக்குப் பாட்டி.

கல்லறை இருப்பதற்கு அடையாளம் காட்டினால் அந்த இடத்துக்கு மட்டும் வேலி போட்டு, போய்வரப் பாதை விட்டு, மீதியில் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். அடையாளம் இல்லையென்றால் மண் தள்ளும் வண்டி வரும். அதைப் பார்த்துச் சொல்ல ஒரு சர்வே பெண்ணை அனுப்பியிருந்தார்கள். தேவதாரு என்றால் இப்போது ஆற்றோரம்தான் நிற்கிறது. அங்கே போய் அவள் இரண்டு நாள் கரண்டி கரண்டியாகக் கிளறிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. "உங்க குடும்பத்துல இடம் தெரிஞ்சவங்க யாராவது இருந்தாக் கூட்டிட்டு வாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் இருப்பேன்," என்றாள். நல்ல பெண்தான். ஆனால் அவளுக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான்.

அதனால்தான் பால்டிமோரிலிருந்து ஒரீதா வந்தாள். வெர்னெலின் அக்கா. அம்மாவைப் புதைத்த அன்றைக்கு ஒரு தையல் மெஷினுக்காகச் சண்டை போட்டுக்கொண்டு போனவள், பதினாறு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் இந்த வாசலை மிதிக்கிறாள். இரண்டு பெண்களும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தையல் மெஷினைப் பற்றி யாரும் பேசவில்லை. அது மூலையில் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

வெர்னெல் காலையிலிருந்து சமைத்திருந்தாள். பன்றிக் கொழுப்புப் போட்டு வேகவைத்த பீன்ஸ், சோள ரொட்டி, வெட்டி வைத்த தக்காளி, வதக்கின ஆப்பிள். வெளியே புழுக்கம். மழை வரும் வரும் என்று மூன்று நாளாகப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. சமையலறை ஃபேன் சூட்டையே சுற்றிச் சுற்றி வீசியது.

"என்ன மாப்ளே," என்றாள் ஒரீதா, ரொட்டியைப் பிட்டுக்கொண்டே. "இன்னும் வெள்ளக்காரன் காட்டுல பொத்தான் பொறுக்கிட்டுத்தான் திரியிறியா?"

"பொத்தான் பொறுக்குனதுக்குத்தான் லைப்ரரியில ரெண்டு தடவ பேசக் கூப்பிட்டாங்க," என்றான் ஓடெல்.

"அடேங்கப்பா. என்ன குடுத்தாங்க?"

"காப்பி குடுத்தாங்க."

"சர்க்கரை போட்டா, போடாமயா?"

வெர்னெல் சிரித்தாள். "கேலி பண்ணாதக்கா. அந்தா சுவத்துல பாரு. அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்கு நடுவுல இருக்கே, கழுகு போட்ட பொத்தான். அது மாதிரி இந்தக் கவுன்ட்டியிலேயே யாருக்கும் கெடைக்கலையாம். முலாம்கூடப் போகல."

"நம்மள விடுதலை பண்ண வந்தவன் சட்டையில இருந்தது," என்றான் ஓடெல். கொஞ்சம் பெருமை இருந்தது குரலில். அவன் வாழ்க்கையில் சட்டம் போட்டு மாட்டியது அது ஒன்றுதான்.

"விடுதலை பண்ணிட்டுப் பொத்தானையும் விட்டுட்டுப் போயிட்டானா? தங்கமான மனுஷன்," என்று சொல்லிவிட்டு ஒரீதா பீன்ஸை இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள். "வெர்னி, இது நம்ம அம்மா கைப்பக்குவம் அப்படியே இருக்குடி. பீன்ஸு வெலைக்கு வாங்குனதா?"

"வெலைக்கா? பின்னாடி நிக்குது பாரு கொடி. இவர்தான் எங்கேருந்தோ பழைய இரும்புக் கட்டிலோட தலைப்பக்கத்தக் கொண்டாந்து நட்டுக் குடுத்தாரு. வருஷா வருஷம் அதுலதான் ஏத்துறேன். காத்தடிச்சாலும் சாயாது."

கண்ணாடிக்கு வெளியே தோட்டத்தில் அது நின்றது. இரும்பு ஒரு இடத்திலும் தெரியாதபடி பச்சை மூடியிருந்தது.

"சரி, விஷயத்துக்கு வா," என்றாள் வெர்னெல். "ஆத்தோரம் பூராக் கிளறியாச்சு. ஒண்ணையுங் காணோம். அம்மா தேவதாருன்னுதானக்கா சொன்னா?"

"ஆத்தோரமா? ஆத்தோரம் எங்கடி தேவதாரு? அது பின்னால மொளச்சது." ஒரீதா கையைத் துடைத்துக்கொண்டாள். "என்னைய அம்மா ஒரு தடவ கூட்டிட்டுப் போனா. நீ அப்பக் கைக்கொழந்த. பழைய புகையிலக் கொட்டகைக்குப் பின்னால ஒரு மேடு இருக்கும் பாரு. அங்க இடிஞ்ச புகைபோக்கி ஒண்ணு நிக்கும். அதுலருந்து கெழக்க, காடு முட்டுற மூலை. அங்கதான் அஞ்சாறு தேவதாரு வட்டமா நின்னுச்சு. இந்த ஹாக்லியோட அப்பன்தான் புல்டோசர் விட்டுத் தள்ளி உழுதான். அதோட அம்மா அந்தப் பக்கம் போறத விட்டுட்டா."

ஓடெல் தண்ணீர்க் குவளையை எடுத்தவன் குடிக்காமல் வைத்தான்.

அந்த மூலையை அவனுக்குத் தெரியும். அவனைப்போல் அதை யாருக்கும் தெரியாது. அவன் அதற்குப் பெயரே வைத்திருந்தான், குப்பை மூலை என்று. மெஷினைக் கொண்டுபோனால் காது கிழியும்படி அவ்வளவு இரும்பு.

"மூலைன்னு சொன்னாப் போதாதுக்கா, அந்தப் பொண்ணு அடையாளம் கேக்குது. கல்லு ஏதாவது இருந்துச்சா?"

"கல்லு நட நம்மகிட்ட என்னடி இருந்துச்சு? சாமான் வைப்பாங்க. செத்தவங்க கடைசியாப் புழங்குனது எதுவோ அத மேல வைப்பாங்க. தண்ணி குடிச்ச குவளை, மருந்து குடிச்ச கரண்டி, வெளக்கு, கடிகாரம், களை வெட்டுனவனா இருந்தா அவன் மண்வெட்டித் தலை. எதையும் முழுசா வைக்க மாட்டாங்க. உடைச்சுத்தான் வைப்பாங்க."

"ஏன் உடைக்கணும்?"

"முழுசா இருந்தா அதத் தேடிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்துருவாங்களாம். வந்தவங்க சும்மா போவாங்களா, தொணைக்கு இன்னொரு ஆளையும் கூட்டிட்டுப் போவாங்களாம். அம்மா சொல்லுவா." ஒரீதா கண்ணை மூடினாள். "ஜூடித் தலமாட்டுல பெருசா என்னமோ ஒண்ணு நின்னுச்சு. கண்ணுக்குள்ள நிக்குது, வாய்க்கு வரமாட்டேங்குது. ஆனா கண்ணாடி மண்ணோட மண்ணாப் போயிருந்தாலும் இரும்பு எங்கடி போகும்? மாப்ள மெஷினு அத விடுமா?"

வெர்னெல் அவன் பக்கம் திரும்பினாள். இத்தனை வருஷமாக அந்த மெஷினைப் பார்த்து முணுமுணுத்தவள், அன்றைக்கு முதல் தடவையாக அதன்மேல் நம்பிக்கை வைத்த முகம். "நாளைக்குக் கொண்டு வா ஓடெல். இதுக்குத்தான் கடவுள் உன் கையில அதக் குடுத்திருக்காரு."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவர்களைப் பார்த்து ஊர் சிரிக்கும். இவன் வெண்ணெயை உருக்கி ஊற்றிவிட்டு அல்லவா உட்கார்ந்திருக்கிறான். ஓடெல் தலையை ஆட்டினான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய கதை அது. திருகைத் திருப்பி வைத்தாலும், இரும்பு குவிந்து கிடக்கிற இடத்தில் பக்கத்தில் இருக்கும் பித்தளையின் குரல் கேட்காது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் இரும்பையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு, அப்புறம் மறுபடி வீசிப் பார்ப்பார்கள். ஓடெலும் அப்படித்தான் செய்தான். மூன்று குளிர்காலம் பிடித்தது. ஒடிந்த கரண்டிகள், விளக்கின் அடிப்பாகம், சுருள் பிரிந்த கடிகாரக் கம்பி, காதில்லாத சட்டி, மண்வெட்டித் தலைகள். ஏன் எல்லாமே உடைந்து கிடக்கிறது என்று அவன் ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை. குப்பை என்றால் உடைந்துதானே இருக்கும்? பழைய காலத்துக் குப்பைமேடு என்று நினைத்தான். வண்டி வண்டியாகப் பழைய இரும்புக் கடையில் கொண்டுபோய்க் கொட்டினான். மூன்றாவது வருஷம், எல்லாம் அடங்கின பிறகு, கணீரென்று ஒரே ஒரு சத்தம் கேட்டது. அதுதான் சுவரில் இருக்கும் கழுகு.

கட்டிலின் தலைப்பக்கம் ஆழத்தில் படுத்துக் கிடந்தது. அதைக் கிளப்பி எடுக்க ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. கடைக்கு எடுத்துப் போனவன்தான் பாதி வழியில் மனம் மாறி, வெர்னெலின் கொடிக்கு ஆகும் என்று திருப்பினான். அவள் எவ்வளவு சந்தோஷப்பட்டாள்.

மறுநாள் வியாழக்கிழமை. காலையிலேயே வெயில் குத்தியது. கொசுவைவிடச் சின்னப் பூச்சிகள் கண்ணையும் மூக்கையும் தேடி வந்தன. சர்வே பெண் தொப்பியும் முழுக்கைச் சட்டையுமாக நின்றாள். ஹாக்லி தன் வண்டியை வரப்பில் நிறுத்திவிட்டு, இறங்காமல் கதவை மட்டும் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். பெண்கள் இருவரும் சர்ச்சுக்குப் போகிற உடுப்பில் வந்திருந்தார்கள். அடிக்கட்டைகளுக்கு நடுவே ஒரீதா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, புகைபோக்கியிலிருந்து கிழக்கே நடந்துபோய் நின்றாள்.

"இங்கதான்," என்றாள். சந்தேகமே இல்லாமல் சொன்னாள்.

ஓடெல் அந்தத் திருகை முழுக்கத் திறந்துவிட்டான். இரும்பு என்று ஒரு குண்டூசி இருந்தாலும் கேட்க வேண்டும். வீசிக்கொண்டு நடந்தான். ஏதாவது ஒன்று, கடவுளே, ஒரு ஆணி, ஒரு கைப்பிடி. மற்றவர்கள் எவ்வளவோ அரைகுறையாக வேலை செய்கிறார்கள், தான் ஒரு நாளாவது அசந்திருக்கக் கூடாதா என்று அவன் ஏங்கினான். அசந்திருக்கவில்லை. போகவும் வரவும் அந்த மூலை முழுக்க வீசினான். காதுக்குள் வெறும் மூச்சுச் சத்தம்தான். அவ்வளவு சுத்தம்.

வெர்னெல் வரப்பில் நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சர்வே பெண் நாலு இடத்தில் ஒரு அடி ஆழத்துக்குக் கிளறிப் பார்த்தாள். செம்மண். "அடையாளம் ஏதாவது இருந்தாத்தான் அதுக்குக் கீழ தோண்ட எனக்கு அனுமதி தருவாங்க," என்றாள் வெர்னெலிடம். அப்புறம் ஓடெலிடம் வந்தாள். "சார், நீங்க இந்தக் காட்டுல ரொம்ப வருஷமாத் தேடுறீங்கன்னு சொன்னாங்க. இந்த மூலையில எப்பவாவது ஏதாவது எடுத்திருக்கீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க. பழைய சாமான், உடைஞ்ச சாமான் எதுவா இருந்தாலும் சரி. நான் எழுதிக்கிறேன்."

அந்த ஒரு நிமிஷம் அவன் கையில் இருந்தது. வாயைத் திறந்து 'எல்லாத்தையும் நான்தான் எடுத்தேன்' என்று சொல்லியிருந்தால் போதும். வெர்னெல் கைக்கு எட்டும் தூரத்தில், நம்பிக்கை குலையாத முகத்தோடு நின்றாள். நாற்பது வருஷக் குடித்தனம் அந்த முகத்தில் இருந்தது.

"இல்ல மேடம்," என்றான். "இந்தப் பக்கம் நான் வந்ததே இல்ல."

வண்டியில் உட்கார்ந்திருந்த ஹாக்லி நிமிர்ந்து பார்த்தார். அந்த மூன்று குளிர்காலமும் இதே வரப்பில் வண்டியை நிறுத்தி, இவன் இரும்பு சுமப்பதைப் பார்த்துப் போனவர் அவர். வாயிலிருந்த புகையிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார்.

வீட்டு வாசலில் இறங்கும்போது ஒரீதா சொன்னாள்: "எனக்கு வயசாச்சுடி. இடத்தத் தப்பாச் சொல்லிட்டேன் போலிருக்கு. உங்கள அலைய வச்சுட்டேன்."

"நீ என்ன பண்ணுவக்கா," என்றாள் வெர்னெல். "அவங்களுக்கே நம்ம கண்ணுல பட இஷ்டமில்லையோ என்னமோ."

ஓடெல் மெஷினை வண்டியிலிருந்து இறக்கவில்லை.

சாயங்காலம் மழை தூறிவிட்டு நின்றது. இரவுச் சமையலுக்குப் பீன்ஸ் பறிக்கப் பெண்கள் தோட்டத்துக்குப் போனார்கள். தான் பறித்துத் தருவதாக ஓடெல் எழுந்தான். "நீ என்னைக்குய்யா பீன்ஸ் பறிச்ச? உக்காரு. காலையிலருந்து வெயில்ல நடந்திருக்க," என்று வெர்னெல் அவனை அமர்த்திவிட்டாள். அந்தப் பரிவுதான் அவனைச் சுட்டது. சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

வெர்னெல் இந்தப் பக்கமும் ஒரீதா அந்தப் பக்கமுமாகப் பறித்தார்கள். ஒரீதா தையல் மெஷினைப் பற்றி ஏதோ சொன்னாள், வெர்னெல் சிரித்தாள். பதினாறு வருஷச் சண்டை பீன்ஸ் கொடியில் தீர்ந்துகொண்டிருந்தது. அப்புறம் ஒரீதாவின் கை கொடிக்குள்ளேயே நின்றுவிட்டது. இலைகளை விலக்கினாள். இரண்டு கையாலும் விலக்கினாள். காயும் இலையுமாகப் பிய்த்துப் போட்டாள்.

"அக்கா, என்ன பண்ற?"

"இந்தக் கம்பிய வந்து தொடு."

"என்னக்கா?"

"தொடுடி. மத்ததெல்லாம் நேரா இருக்கு. நடுக் கம்பி மட்டும் கயிறு மாதிரி முறுக்கி இருக்கு பாரு. ஜூடித் புருஷன் வண்டிக் கம்பிய முறுக்கி மாட்டுனான்னு அம்மா சொன்னா. அம்மா மண்ணுல உக்காந்து அழுதா. நான் இதத்தான் பிடிச்சுக்கிட்டு நின்னேன். இவ்வளவு உயரம் இருப்பேன். உள்ளங்கையில கயிறு மாதிரி அழுந்துச்சு." ஒரீதாவின் குரல் இறங்கிப்போயிற்று. "இது எப்படிடி உன் தோட்டத்துக்கு வந்துச்சு?"

வெர்னெல் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலில் அவன் இருந்தான்.

அவள் உள்ளே வந்து, பீன்ஸ் கூடையை மேஜைமேல் வைத்துவிட்டு, அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். கத்துவாள் என்று அவன் எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்க எடுத்த?"

"அந்த மூலையிலதான்."

"வேற என்னென்ன எடுத்த?"

அவன் சொன்னான். கரண்டி, விளக்கு, கடிகாரம், மண்வெட்டி. ஒரீதா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அதெல்லாம் எங்க?"

"பழைய இரும்புக் கடைக்குப் போயிருச்சு."

"எல்லாமா?"

"எல்லாந்தான். இது ஒண்ணு நல்லா இருந்துச்சு. உனக்குன்னு கொண்டாந்தேன்."

"எனக்குன்னு," என்றாள் வெர்னெல்.

"எனக்குத் தெரியாது வெர்னெல். சத்தியமாத் தெரியாது. குப்பைன்னு நெனச்சேன். காட்டச் சுத்தமா வச்சிக்கணும்னு..."

"பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி உனக்குத் தெரியாது. ஒத்துக்கிறேன். நேத்து மத்தியானம் அக்கா சொன்னாளே, அப்பத் தெரிஞ்சுதா?"

அவன் கூடையிலிருந்து ஒரு காயை எடுத்து, மறுபடி அதிலேயே வைத்தான்.

"இன்னைக்குக் காலையில அந்தப் பொண்ணு கேட்டுச்சே. அப்ப?"

"உன் மூஞ்சியப் பாத்தேன். வாய் வரல."

"என் மூஞ்சிமேல பழியப் போடாத." அவள் எழுந்து சுவரில் இருந்த கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி அவன் முன்னால் வைத்தாள். "இதுவும் அங்கதான் கெடச்சுதா?"

அவன் தலையசைத்தான்.

"அப்ப இதுவும் யாரோ நம்மாளு தலமாட்டுல வச்சதுதான். ஜூடித்தோட அண்ணன் ஒருத்தன் வடக்குப் படையில சேந்து போனான்னு அம்மா சொல்லுவா. அத லைப்ரரியில கொண்டுபோய்க் காட்டிக் காப்பி குடிச்சிட்டு வந்திருக்க."

ஒரீதா மட்டும்தான் அப்போது அழுதாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கொடியை வேரடியில் அறுத்துவிட்டு இரும்பைப் பிடுங்கினார்கள். மூவருமாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சர்வே பெண் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஹாக்லியும் அங்கே இருந்தார். ஓடெல் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். நேற்றுச் சொல்ல வேண்டியதை இன்றைக்கு இரண்டு மடங்காகச் சொன்னான். அந்தப் பெண் குறுக்கிடாமல் கேட்டாள். இரும்பைத் தொட்டுப் பார்த்தாள், முறுக்கிய கம்பியைத் தடவினாள்.

"இது கல்லறையில இருந்ததா இருக்கலாம்," என்றாள். "இல்லன்னு நான் சொல்லல. ஆனா இந்தக் கவுன்ட்டியில பழைய வீடு எல்லாத்துலயும் இப்படி ஒரு கட்டில் இருக்கும். மண்ணுக்குள்ள இருந்தாத்தான் அது அடையாளம். வெளிய எடுத்துட்டா அது எங்க இருந்துச்சுன்னு அதால சொல்ல முடியாது. நீங்கதான் சொல்லணும் சார். நீங்க நேத்து அந்தப் பக்கம் வந்ததே இல்லன்னீங்க. நான் அத எழுதி அனுப்பிட்டேன்."

"நேத்துப் பொய் சொல்லிட்டேன் மேடம்."

"இன்னைக்குச் சொல்றதுதான் நெசம்னு அவங்க எப்படி நம்புவாங்க?" என்றாள். அவளுக்கும் அதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. "உங்க குடும்பம் இல்லாம, அங்கருந்து நீங்க எடுத்தத வேற யாராவது பாத்தவங்க இருந்தாச் சொல்லுங்க. ஒரு சாட்சி போதும், நிறுத்தி வைக்கச் சொல்லி இப்பவே ஃபோன் பண்றேன்."

ஓடெல் திரும்பினான். "மிஸ்டர் ஹாக்லி, நீங்க பாத்திருக்கீங்க. மூணு வருஷமும் பாத்திருக்கீங்க. சுத்தமா வச்சிருக்கேன்னு எத்தன தடவ சொல்லியிருக்கீங்க."

ஹாக்லி கெட்டவர் இல்லை. வெர்னெலின் அம்மா செத்தபோது ஒரு முழுப் பன்றித் தொடைக் கறி அனுப்பியவர். அவர் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்துகொண்டார்.

"ஓடெல் குப்பை பொறுக்குவான். நெசந்தான்," என்றார் அந்தப் பெண்ணிடம். "இவ்வளவு பெரிய காட்டுல எங்க பொறுக்குனான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஓடெல் நேர்மையான ஆளு. நேத்து அவன் சொன்னத நானும் கேட்டுட்டுத்தான இருந்தேன்."

அவ்வளவுதான் விஷயம். அந்தப் பெண் தன் வண்டியில் ஏறிப் போனாள். ஹாக்லி கட்டிலைத் திரும்ப ஏற்ற ஒரு கை கொடுக்க வந்தார். "தொடாதீங்க," என்றாள் வெர்னெல். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை ஒரீதா பால்டிமோர் போனாள். போகும்போது தையல் மெஷினை எடுத்துக்கொள்ளச் சொன்னாள் வெர்னெல், அவள் வேண்டாம் என்றாள். ஓடெலிடம் சொல்லிக்கொள்ளவில்லை. பஸ் ஏறுகிற வரைக்கும் அவன்தான் பெட்டியைத் தூக்கி வந்தான், மாப்ளே என்று ஒரு கேலிச் சொல்லாவது வரும் என்று பார்த்தான். வரவில்லை.

திங்கட்கிழமை மண் தள்ளும் வண்டிகள் வந்து இறங்கின. வேலை தொடங்கிய சத்தம் வீட்டு வாசல்வரை கேட்டது. பாதிக் காது போன ஓடெலுக்கும் கேட்டது.

வெர்னெல் கட்டிலின் தலைப்பக்கத்தை இருந்த இடத்திலேயே மறுபடி நட்டிருந்தாள். வாடிய கொடி காலடியில் குவிந்து கிடந்தது. அவள் அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, கடைசியாகப் பறித்த முற்றல் காய்களை மடியில் வைத்து உரித்துக்கொண்டிருந்தாள். ஓடெல் மெஷினைக் கொண்டுவந்து அவள் எதிரே நின்றான்.

"இத வித்துடலாம்னு இருக்கேன்," என்றான். "இல்ல ஆத்துல போட்டுர்றேன். நீ சொல்லு."

"எதுக்கு?"

"இனிமே இத நான் தொட மாட்டேன்."

"விக்காத," என்றாள் அவள். தலை நிமிரவில்லை. "வச்சிரு. நீ கடைசி வரைக்கும் புழங்குன சாமான் அதுதான். நீ செத்தா உன் தலமாட்டுல நான் அதத்தான் வைக்கணும்."

அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"முழுசா வைக்க மாட்டேன். நீ திரும்பி வந்துரக் கூடாது பாரு. உடைச்சுத்தான் வைப்பேன்." ஒரு காயைப் பிளந்து பருப்பைக் கிண்ணத்தில் தள்ளினாள். "அப்புறம் உன்ன மாதிரி ஒரு நல்ல மனுஷன் வருவான். குப்பைன்னு எடுத்துப் பையில போட்டுக்கிட்டு, குழிய மூடிட்டு, சுத்தம் பண்ணிட்டுப் போவான்."